முதற் கைத்துப்பாக்கி: கடைக்குப் போகுமுன் வீட்டில் பேசவேண்டியவை

தகனினியில் எங்களுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களில் யாரோ ஒருவர் கைத்துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருக்கிறார். இதை நாங்கள் ஊருக்குச் சொல்லித் திரியவில்லை. ஆனாலும் எப்படியோ தெரிந்துவிட்டது. இப்போது சாண்ட்ரிங்ஹாம் கடையில் மரக்கறி தெரியும்போதும், கோயில் அன்னதான வரிசையில் நிற்கும்போதும் யாராவது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்: "அண்ணை, மகள் சுடப் பழகப் போறனெண்டு நிக்கிறாள். முதல்ல எந்தத் துவக்கு வாங்கலாம்?"

டென்னிஸ் மட்டையைப் பற்றியோ கிரிக்கெட் காலணியைப் பற்றியோ யாரும் இப்படிக் குரலைத் தாழ்த்துவதில்லை. துவக்கு என்ற சொல் எங்கள் வீடுகளில் வேறு இடத்தில் இருந்து வருகிறது. அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு இந்த நாட்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகள், அதே சொல்லை ஒலிம்பிக் விளையாட்டின் பெயராகக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே சாப்பாட்டு மேசையில் சந்திக்கும்போது என்ன செய்வது என்பதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எனவே கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. நியூசிலாந்தில் கைத்துப்பாக்கியை யாரும் யாருக்கும் வாங்கிக் கொடுக்க முடியாது. பிறந்தநாள் பரிசாக அப்பா வாங்கி வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே துப்பாக்கி கடைசியாகத்தான் வரும். அதற்கு முன் கழகம், அதற்கு முன் அனுமதிப்பத்திரம், அதற்கும் முன் வீட்டுக்காரரின் சம்மதம்.

இந்த நாட்டில் துப்பாக்கிகளை ஆள்வது 1983 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். (1983 என்ற எண் எம்மவருக்கு வேறொன்றை நினைவூட்டும். அதே ஆண்டில் இங்கே நாடாளுமன்றத்தில் இப்படி ஒரு சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.) 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு அந்தச் சட்டம் இறுக்கப்பட்டது. பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் திருத்தம் ஒரு மாதத்துக்குள், 119 வாக்குகளுக்கு எதிராக ஒரே ஒரு வாக்கு என்ற கணக்கில் நிறைவேறியது. இன்று இவற்றைக் கவனிப்பது பொலிஸ் திணைக்களத்துக்குள் இயங்கும் தே தாரி பூரேக்கே என்ற சுடுகலன் பாதுகாப்பு அதிகாரசபை. 2023 ஜூன் 24 முதல் துப்பாக்கிகளின் பதிவேடும் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தை முழுமையாகத் திருத்தி எழுதும் வேலையையும் அரசாங்கம் கையில் எடுத்திருக்கிறது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் அதிகாரசபையின் இணையத்தளத்தில் என்ன இருக்கிறதோ அதையே நம்புங்கள். எங்கள் கட்டுரையையோ மச்சான் சொன்னதையோ நம்ப வேண்டாம்.

நடைமுறை ஏறத்தாழ இப்படிப் போகும். பாதுகாப்புப் பாடநெறியும் தேர்வும் முடித்துச் சாதாரண சுடுகலன் அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். முதல் தடவை எடுப்பவருக்கு அது 5 ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். அது வேட்டைத் துப்பாக்கிக்குப் போதும், கைத்துப்பாக்கிக்குப் போதாது. அதற்கு 'பி' அங்கீகாரம் என்று ஒன்று மேலதிகமாக வேண்டும். அதைப் பெற, பொலிஸார் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கிக் கழகம் ஒன்றில் உறுப்பினராகி, பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் அவர்களுடைய கண் முன்னால் சுட்டுப் பழகியிருக்கவேண்டும். கழகம் 'இவர் சரி' என்று சொல்லாவிட்டால் அங்கீகாரம் இல்லை. கிடைத்த பின்பும் ஆண்டுக்குக் குறைந்தது 12 நாட்கள் கழகத்துக்குப் போய்ச் சுடவேண்டும். போகாவிட்டால் அங்கீகாரம் ஆபத்தில். வாங்கும் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி எடுக்கவேண்டும். அதைச் சுடக்கூடிய இடம் அங்கீகரிக்கப்பட்ட சூட்டுத் திடல் மட்டுமே. நண்பனின் பண்ணையில் போத்தல் வைத்துச் சுடுவது குற்றம்.

இந்த இடத்தில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வேறு சிலர் உண்மையான காரணத்தைச் சொல்கிறார்கள்: கடை. தெற்கு ஒக்லாந்தில் சிறுகடை வைத்திருக்கும் எம்மவருக்குக் கொள்ளைப் பயம் கற்பனை அல்ல. 2022 நவம்பரில் சாண்ட்ரிங்ஹாமில் கடை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கொல்லப்பட்டபோது இந்த நகரத்தின் இந்தியக் கடைகளும் எங்கள் கடைகளும் சேர்ந்தே நடுங்கின. ஆனால் தற்பாதுகாப்பு என்பது நியூசிலாந்தில் துப்பாக்கி வைத்திருக்க ஏற்றுக்கொள்ளப்படும் காரணம் அல்ல. நேர்முகத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் விண்ணப்பம் அத்தோடு முடிந்துவிடும் என்றே எண்ணுங்கள். அதைச் சொல்லாமல் மறைத்து, விளையாட்டு என்று எழுதிப் பெற்றுக்கொண்டு, கல்லாப்பெட்டிக்குக் கீழே வைக்கலாம் என்று நினைப்பவருக்கு இந்தக் கட்டுரையில் உதவி எதுவும் இல்லை. கழகத்துக்குக் கொண்டுபோகும்போதுகூட ரவை நீக்கி, பூட்டிய பெட்டிக்குள் வைத்துத்தான் கொண்டுபோகவேண்டும்.

சரி, பிள்ளை உண்மையாகவே விளையாட்டுக்காகத்தான் கேட்கிறது. அந்த ஆறு மாதத்தைக் காத்திருப்பு என்று எண்ணி வீணாக்க வேண்டாம். துப்பாக்கி தெரிவதற்கு அதைவிட நல்ல காலம் வராது. கழகங்களிடம் புதியவருக்குக் கொடுக்கவென்றே துப்பாக்கிகள் இருக்கும். பழைய உறுப்பினர்கள் தங்களுடையதையும் தருவார்கள். பக்கத்தில் நின்று, "இதையும் ஒருக்கால் பிடிச்சுப் பார்" என்று நீட்டும் கிழவர்கள் எல்லாக் கழகத்திலும் இருக்கிறார்கள். பெட்டியில் பூட்டி வைத்த பெருமையை யாருக்காவது காட்ட அவர்களுக்கும் ஆசை. ஒரு சிறு கொப்பியில் எதைச் சுட்டோம், எத்தனை ரவை, கை எங்கே நொந்தது, எது பிடித்தது என்று எழுதி வையுங்கள். ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் அந்தக் கொப்பி கடைக்காரரைவிட நல்ல ஆலோசனை சொல்லும்.

எங்களில் ஒருவர் இந்த முறையைப் பின்பற்றவில்லை. அங்கீகாரம் கிடைத்த கிழமையே படத்தில் பார்த்த மாதிரியான ஒரு 9 மில்லிமீற்றர் துப்பாக்கியைப் புத்தம் புதிதாக வாங்கினார். கடையில் விற்றவர் தடுக்கவில்லை, ஏன் தடுக்கப்போகிறார்? மூன்று மாதத்தில் அவருடைய இலக்குத் தாளில் ஓட்டைகள் எல்லாம் இடப்பக்கம் கீழே இறங்கியிருந்தன. துப்பாக்கி பிழை என்று குறிமுனையைத் திருகினார். பிறகு மருந்து பிழை என்று ரவை மாற்றினார். கடைசியில் கழகத்து முதியவர் ஒருவர் ரவைக்கூட்டை வாங்கி, அவருக்குத் தெரியாமல் நடுவில் ஒரு பொய் ரவையைச் செருகிக் கொடுத்தார். மூன்றாவது தடவை விசையை இழுத்தபோது வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் வாய் இரண்டு விரற்கடை கீழே குத்தியது. வெடிக்கப்போகிறது என்று தெரிந்து கை முன்கூட்டியே பதறுகிறது. அத்தனை பேரும் பார்த்தோம், அவரும் பார்த்தார். அந்தத் துப்பாக்கியை நட்டத்துக்கு விற்றுவிட்டு, எங்கே தொடங்கியிருக்கவேண்டுமோ அங்கே திரும்பித் தொடங்கினார்.

அவர் திரும்பித் தொடங்கிய இடம் .22. முதற் கைத்துப்பாக்கி எது என்ற கேள்விக்கு எங்கள் பதில், ஏறத்தாழ எல்லோருக்கும், .22 விளிம்படி ரவை சுடும் இலக்குத் துப்பாக்கி என்பதுதான். அதன் ஈயக் குண்டு பெரும்பாலும் 2.6 கிராம் அளவு. 9 மில்லிமீற்றருக்கு 7.5 முதல் 8 கிராம் வரை வரும். குண்டும் மருந்தும் குறைய, கையில் படும் உதைப்பும் குறைகிறது. உதைப்புக் குறைந்தால் கை பதறக் கற்றுக்கொள்ளாது. ஒருமுறை கற்றுக்கொண்ட பதற்றத்தை மறக்கவைப்பது, புதிதாகச் சுடக் கற்பிப்பதைவிடக் கடினம். விலையிலும் .22 ரவை 9 மில்லிமீற்றரைவிட எவ்வளவோ மலிவு. அதே காசுக்குப் பல மடங்கு தடவை சுடலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் ஒருவரை முன்னேற்றுவது அந்தத் தடவைகள்தான்.

எம்மவருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை வேறு வழிகாட்டிகளில் நாங்கள் கண்டதில்லை. பதற்றம் எப்போதும் உதைப்பினால் மட்டும் வருவதல்ல. எங்களில் ஒருவர் 2009 வைகாசி வரை வன்னியில் இருந்தவர். திடலுக்கு முதல் நாள் வந்தபோது தான் சுடவே இல்லை. பக்கத்து வரிசையில் யாரோ பெரிய ரவை சுட, இவர் குந்திவிட்டார். குந்தியபிறகுதான் தான் குந்தியிருப்பது அவருக்கே தெரிந்தது. வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து, யாரும் பெரியது சுடாத ஒரு நாளைக் கேட்டறிந்து மறுபடி வந்தார். காதுக்குள் பஞ்சடைப்பான், அதன்மேல் காதுமூடி என்று இரண்டும் போட்டுக்கொண்டு, சுடுவோர் வரிசைக்குப் பின்னால் வாங்கில் இருந்து இரண்டு சனிக்கிழமை பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். மூன்றாவது சனிக்கிழமை .22. இன்று எங்களில் நன்றாகச் சுடுகிறவர் அவர்தான் என்று எழுத ஆசை, ஆனால் அப்படி இல்லை. நடுத்தரமாகச் சுடுகிறார், மாதம் இருமுறை வருகிறார், பெரிய ரவைப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறார். அது போதும். அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தத் துப்பாக்கி என்பதைவிட, எந்த நாளில், எந்த இரைச்சலில் தொடங்குவது என்பதே முக்கியம். தூக்கம் குலைந்தால், பழைய கனவு திரும்பினால் நிறுத்திவிடுங்கள். ஒக்லாந்தில் அகதிகளின் மனக்காயங்களைக் கவனிக்கவென்றே 'ரெவ்யூஜீஸ் அஸ் சேவைவர்ஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. மாங்கரே அகதிகள் மையத்தின் வழியாக வந்தவர்கள் பலர் அதை அறிவார்கள்.

.22 என்று முடிவான பின், கை. துப்பாக்கி நல்லதா என்று கேட்பதற்கு முன் இந்தக் கைக்கு நல்லதா என்று கேளுங்கள். வெறுமையாக இருப்பதை இரண்டு பேர் பார்த்து உறுதிசெய்த துப்பாக்கியை, திடலில், இலக்குப் பக்கமாகப் பிடியுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தோல் பிடியின் உச்சியில் இறுக்கமாக அமரவேண்டும். முன்னங்கை எலும்பும் சுடுகுழலும் ஒரே கோட்டில் இருக்க, சுட்டுவிரலின் முதற்கணு விசையில் தானாக விழவேண்டும். விரலை எட்டவைக்கக் கையைத் திருப்பவேண்டி வந்தால் பிடி பெரிது. எங்கள் பெண்பிள்ளைகள் பலருக்கு இந்தத் தொல்லை வரும். ஆண்களின் கையளவுக்குச் செய்த பிடியை 'பழகிவிடும்' என்று சொல்லி விற்பார்கள். பழகாது. இலக்குத் துப்பாக்கிகள் பலவற்றுக்கு மரப்பிடியைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவில் மாற்றலாம். அரத்தால் தேய்த்தும் மரப்பசை பூசியும் தன் கைக்குச் செதுக்கிக்கொள்பவர்களும் உண்டு. இடதுகைக்காரர் இடதுகைப் பிடி இருக்கிறதா என்று முதலே கேட்கவேண்டும்.

இன்னொரு சோதனை எளியது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டித் துப்பாக்கியை உயர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் முன்முனையும் பின்வெட்டும் ஏறக்குறைய நேராக நிற்கிறதா? நின்றால் அந்தத் துப்பாக்கி உங்கள் கையோடு பேசுகிறது. எப்போதும் வானத்தைப் பார்த்தால் அல்லது நிலத்தைப் பார்த்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்குக் கண் வேறு விதமாகச் சோதிக்கும்: முன்முனை மங்கும். அதற்குச் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி உதவும், ஆனால் எல்லாப் போட்டியிலும் அதற்கு இடமில்லை. கண்ணாடிக்காரரிடம் போய், கை நீட்டிய தூரம் தெளியும்படி ஒரு கண்ணாடி கேட்பது பல வேளை மலிவான வழி.

எடையைப் பற்றி ஒரு தவறான எண்ணம். பிள்ளை மெலிந்தவள், ஆகவே பாரமில்லாத துப்பாக்கி நல்லது என்று அம்மாமார் நினைக்கிறார்கள். பாரமில்லாத துப்பாக்கி அதிகம் உதைக்கும், முனையும் அதிகம் நடுங்கும். குளொக் 17 வெறும் ரவைக்கூட்டுடன் 700 கிராம் அளவு. போட்டிக்காரர் விரும்பும் சீசெட் ஷடோ 2 ஏறத்தாழ 1,300 கிராம். இரண்டும் சுடுவது ஒரே 9 மில்லிமீற்றர்தான், ஆனால் பாரமானதைச் சுட்டவர் அதுதான் மென்மை என்பார். .22 இலக்குத் துப்பாக்கி ஒரு கிலோ அளவில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரி. ஒரு கையால் நீட்டி அரை நிமிடம் பிடிக்க முடியவில்லையென்றால் அதற்கு மருந்து வீட்டில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

எந்தப் போட்டிக்காக என்பதையும் அந்த ஆறு மாதத்தில் கண்டுபிடிக்கவேண்டும். ஒலிம்பிக் பாதையில் பெண்களுக்கான 25 மீற்றர் போட்டி .22 துப்பாக்கிக்கானது. விசையின் இழுவை 1,000 கிராமுக்குக் குறையக்கூடாது, துப்பாக்கியின் எடை 1,400 கிராமுக்குக் கூடக்கூடாது. பார்டினி, வால்தர், ஹாமர்லி போன்ற பெயர்கள் அங்கே அடிபடும். விலையும் அடிக்கும். உலோகத் தட்டுகளை வேகமாக விழுத்தும் விளையாட்டு என்றால் ரூகர் மார்க் 4, பிரவுணிங் பக்மார்க் மாதிரியானவை போதும். ஓடி ஓடிச் சுடும் ஐபிஎஸ்சி என்றால் கடைசியில் 9 மில்லிமீற்றர் தேவைப்படும், ஆனால் அதற்கும் .22 இல் ஓராண்டு கழித்துவிட்டுப் போனவர்கள் விரைவாக ஏறுகிறார்கள். சுழல்துப்பாக்கி பிடித்தவர்களுக்கு ஒரு சொல்: அது அழகானது, கெடுவது குறைவு, ரவை இருக்கிறதா இல்லையா என்பது திறந்ததும் தெரியும். ஆனால் இரட்டைச் செயல் விசையின் நீண்ட கனமான இழுப்பு புதியவரின் பொறுமையைச் சோதிக்கும்.

வாங்குவது பழையதா புதியதா? பழையது என்றால் கழகத்துக்குள்ளேயே வாங்குங்கள். அதை யார் எப்படிச் சுட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வாங்குமுன் அதிலேயே நூறு ரவையாவது சுடக் கேளுங்கள். மறுத்தால் காரணம் இருக்கும். ரூகர் மார்க் 4 பழையதாகக் கிடைத்தால் அதன் தொடரெண்ணைக் கட்டாயம் சரிபாருங்கள். 2017 ஜூனில் அந்த நிறுவனம் அதுவரை செய்த மார்க் 4 துப்பாக்கிகளைப் பாதுகாப்புப் பூட்டின் குறைபாட்டுக்காகத் திருத்தித்தரத் திரும்ப அழைத்தது. திருத்தப்படாத ஒன்று யாருடைய அலுமாரியிலோ இன்றும் இருக்கலாம்.

ஆனால் கருவியே எல்லாம் என்று எண்ணிவிடவும் கூடாது. ரோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், இந்தியாவின் மனு பாக்கரின் துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவில் பழுதாகி நின்றது. திருத்திக்கொண்டு வந்து மிச்ச நேரத்துக்குள் சுட்டு முடித்து, 575 புள்ளிகளோடு இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் இரண்டு வெண்கலம். அதே பாரிஸில் துருக்கிக்காரர் யூசுப் திக்கேச் பெரிய கண்மறைப்போ வில்லையோ இல்லாமல், ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டபடி வெள்ளி வென்ற படத்தை உங்கள் பிள்ளைகள் உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து 'உபகரணம் தேவையில்லை' என்று முடிவுகட்டிய பையன் ஒருவனும் எங்களிடம் இருக்கிறான். திக்கேச் காதில் பஞ்சடைப்பான் போட்டிருந்தார் என்பதை அவனுக்குச் சுட்டிக்காட்டினோம். நியூசிலாந்தின் கிரெக் யெலாவிச் 1986 எடின்பரோவில் தொடங்கிப் பொதுநலவாயப் போட்டிகளில் 12 பதக்கங்கள் எடுத்தவர். இது முப்பதிலும் ஐம்பதிலும் ஆடக்கூடிய விளையாட்டு. அவசரப்பட ஒன்றுமில்லை.

மேலே சொன்ன இரு பாரிஸ் உதாரணங்களிலும் இருந்தது 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கி, ரவைத் துப்பாக்கி அல்ல. அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தோம். வீட்டில் பெரியவர்கள் எந்த வகையிலும் சம்மதிக்க முடியாத நிலையில் இருந்தால், அல்லது அந்த வெடிச்சத்தமே ஆகாதென்றால், 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு சுடும் காற்றுத் துப்பாக்கி ஒரு நல்ல வாசல். மருந்து இல்லை, வெடி இல்லை, ஒரு 'டப்' சத்தம்தான். இலக்கின் நடுவட்டம் 11.5 மில்லிமீற்றர், நகத்தளவு. அதை அடிக்கக் கற்றவர் பின்னர் எதையும் அடிப்பார். 18 வயது நிரம்பியவர் சாதாரணக் காற்றுத் துப்பாக்கியை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கச் சட்டம் இடம்கொடுக்கிறது. ஆனால் அதைத் தெருவில் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், தூரத்திலிருந்து பார்க்கும் அயலவருக்கு அது காற்றா மருந்தா என்று தெரியாது. வரும் ஆயுதப் பொலிஸுக்கும் தெரியாது. அதற்கும் பூட்டிய பெட்டிதான்.

இனி வீடு. அனுமதிக்கு விண்ணப்பித்தால் பொலிஸார் வீட்டுக்கு வருவார்கள். விண்ணப்பித்தவரோடு மட்டுமல்ல, கணவன் அல்லது மனைவியோடும், அல்லது நெருங்கிய உறவினரோடும் தனியாகப் பேசுவார்கள். சண்டை உண்டா, குடி உண்டா, மனச்சோர்வு உண்டா, இவரிடம் துப்பாக்கி இருந்தால் உங்களுக்குப் பயமா என்று கேட்பார்கள். எங்கள் பெண்கள் சிலர் அவர் முகத்தைப் பார்த்து 'ஓம்' சொல்லிப் பழகியவர்கள். அந்தக் கேள்விக்கு உள்ளதைச் சொல்லுங்கள். பயமென்றால் பயம் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தடக்கினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மகனையோ மருமகனையோ மொழிபெயர்க்க விடவேண்டாம்.

ஊரில் என்ன நடந்தது என்ற கேள்வி வந்தாலும் அதே பதில்தான். விண்ணப்பத்தில் பொய் சொல்வது தானே ஒரு குற்றம். அகதி விண்ணப்பத்தில் ஒன்றும் இங்கே இன்னொன்றும் சொன்னால் இரண்டும் ஆடும். எதைச் சொல்வதென்று உறுதியில்லாதவர்கள் விண்ணப்பத்தை நிரப்புமுன் ஒரு சட்டத்தரணியிடம் ஒரு மணி நேரம் செலவிடுவது வீணல்ல.

இரும்புப் பெட்டி, கட்டடத்தோடு பொருத்தியது. ரவை வேறாக. சாவி அல்லது எண் அனுமதி உள்ளவருக்கு மட்டும். கட்டிய மனைவிக்கும் தெரியக்கூடாது என்பது சிலருக்குச் சங்கடம். "என்னை நம்பேல்லையோ" என்று கேட்ட ஒரு அக்காவுக்கு, சட்டம் உங்களைத்தான் காப்பாற்றுகிறது என்று நாங்கள் விளக்கவேண்டியிருந்தது. ஈயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுங்கள், கழுவும்வரை உணவு தொடவேண்டாம். திடலுக்குப் போட்ட சப்பாத்தோடு தவழும் பிள்ளை விளையாடும் கம்பளத்தில் நடக்கவேண்டாம். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் திடல் பக்கம் போகவேண்டாம்.

துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைப்பது எங்கே? எங்களில் ஒருவர் சமையலறை மேசையில் பழைய பத்திரிகை விரித்துத் துடைத்தார். அவருடைய அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தவர், பேணியை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்க் குசினிக் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். நெடுநேரம் தண்ணீர் ஓடியது. சுடுகலன் எண்ணெயின் மணம் என்று பிறகு சொன்னார். மகன் அதன்பின் கழகத்திலேயே துடைத்துப் பூட்டிக்கொண்டு வருகிறார். அம்மா ஒருநாள் தானாகவே, அந்தத் தாளைக் காட்டு என்று இலக்குத் தாளை வாங்கிப் பார்த்தார். ஓட்டைகளை எண்ணினார். "இதுக்கோ இவ்வளவு பாடு" என்றார். அது சம்மதமா இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

படம் எடுப்பதைப் பற்றியும் வீட்டில் பேசிவிடுங்கள். புதிய துப்பாக்கியோடு ஒரு படம் எடுத்து முகநூலில் போட இளையவர்களுக்குக் கை துருதுருக்கும். வீட்டில் என்ன இருக்கிறது என்று கள்ளருக்குச் சொல்வது ஒரு பக்கம். நாங்கள் ஊருக்குப் போய்வருபவர்கள் என்பது மறுபக்கம். 1979 இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் அங்கே சமூக ஊடகப் பதிவுகளுக்காகவே ஆட்கள் கைதாகியிருக்கிறார்கள். கட்டுநாயக்காவில் உங்கள் கைபேசியைத் திறந்து பார்ப்பவருக்கு .22 இலக்குத் துப்பாக்கியின் விளையாட்டு விதிகள் தெரிந்திருக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். புள்ளித்தாளைப் படம் எடுங்கள், பதக்கம் கிடைத்தால் அதை எடுங்கள்.

முதல் நாள் திடலுக்குப் போகிறவர்களுக்குச் சில சில்லறை விடயங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். ஒவ்வொரு துப்பாக்கியும் ரவை ஏற்றியதே என்று எண்ணி நடத்துவது முதல், குடித்துவிட்டுத் தொடாதிருப்பது வரை ஏழு பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. அதிகாரசபையின் இணையத்தளத்தில் உண்டு, அவற்றை முதலே வாசித்திருந்தால் கழகத்தார் சந்தோசப்படுவார்கள். இராணுவப் பச்சை வரிச்சட்டை வேண்டாம். மூடிய சப்பாத்துப் போடுங்கள். பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் கழுத்து மூடிய மேற்சட்டை போட்டுப் போகவேண்டும். பக்கத்தில் சுடுபவரின் துப்பாக்கியிலிருந்து தெறிக்கும் வெற்றுக்கோது அடுப்பிலிருந்து எடுத்த கரண்டி மாதிரிச் சுடும். அது சட்டைக் கழுத்துக்குள் விழுந்தால், கையில் துப்பாக்கி இருப்பதை மறந்து துள்ளத்தான் தோன்றும். துள்ளாமல் துப்பாக்கியை இலக்குப் பக்கமாகவே மேசையில் வைத்துவிட்டு, பிறகு துள்ளுங்கள்.